கோடிட்ட இடங்களை நிரப்புக

"இன்று ……… மணியளவில்
நமது ஜவ்வரிசி ஆலையின் ……… பிரிவில்
……… ஏற்பட்டது."

இந்த மூன்று வரிக்கு
ஆடியும் ஆவணியில் பாதியும் ஆயிற்று.

மல்லூர் ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
கிழங்கு லாரியின் எடை, மாவுத் தொட்டி, மூட்டை
இவற்றோடு
நடக்காததையும் எழுதி வை என்றார்கள்.
முதலாளி பொன்னுரங்கம் அந்த நோட்டைத் தொடவே இல்லை.
"எழுதி வெச்சா வந்துருமுங்க."
இன்சூரன்ஸ்காரர் சொன்னார்,
"எழுதலீன்னாலும் வருமுங்க."

மேலே பிள்ளையார் சுழி போடலாமா என்று
ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன்.
நல்ல காரியத்துக்குத்தானே அது.
போட்டேன். சின்னதாக, பென்சிலில்.

வக்கீல் வந்து 'விபத்தை' அடித்துச்
'சம்பவம்' ஆக்கினார்.
'எங்கள் தவறு இருந்தால்' என்ற இடத்தில்
வெள்ளை மை காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது.
'வருந்துகிறோம்' மட்டும் தப்பியது,
அடுத்த பக்கத்தில் இருந்ததால்.

ஒத்திகைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை.
சங்கு ஊதியதும்
எல்லோரும் போசியைத் தூக்கிக்கொண்டு
சாப்பிடப் போனார்கள்.
எங்களிடம் இருந்தது ஒரே சங்கு, அதற்கு ஒரே அர்த்தம்.
அன்றிலிருந்து ஆபத்துக்கு மூன்று முறை,
விட்டு விட்டு.

யாருக்குச் சொல்வது என்ற பட்டியலில்
வறுக்கும் அடுப்பில் நிற்கும் பதினோரு பேருக்கும் சேர்த்து
'ஜார்க்கண்ட்' என்று ஒரே சொல்.
நாற்காலியைக் கொண்டுபோய்க் களத்தில் போட்டு
ஒவ்வொருவராகக் கேட்டேன்.
சுக்ராம் முர்மு நெடுநேரம் சும்மா இருந்தான்.
அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டாம், என்றான்.
பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் சொல்லுங்கள்.
அவர் நடந்து போவதற்குள்
அம்மா சோறு தின்று முடித்திருப்பாள்.

கார்த்திகையில், போதமலைப் பக்கம் மின்னிக்கொண்டிருந்த ராத்திரி
சங்கு மூன்று முறை ஊதியது.
யாரும் போசியைத் தேடவில்லை.

தீயணைப்பு வண்டி வருமுன்பே
என் போனுக்குள் வந்துவிட்டது தீ:
எங்கள் ஆலையில் ஒன்பது பேர் சாவு.
கூடவே ஒரு வீடியோ,
எந்த ஊர் ஆலையோ, எந்த வருஷமோ.
"காலைல பாத்துச் சொல்லிக்கலாம்" என்றார் முதலாளி,
கரி அப்பிய வேட்டியோடு.
காலைக்குள் ஒன்பது பதினைந்தாகுமுங்க என்றேன்.

நோட்டை விரித்தேன்.
மணி: பதினொன்று நாற்பது.
பிரிவு: வறுவல்.
ஏற்பட்டது: தீ விபத்து.
(வக்கீல் தூங்கிக்கொண்டிருந்தார்.)
தீக்காயம் இருவருக்கு, கைகளில்;
சேலம் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.
உயிர்ச்சேதம்: பேர் சொல்லிக் கூப்பிட்டேன்,
ஆள் ஆளாகத் தொட்டு எண்ணினேன்,
பிறகுதான் 'இல்லை' என்று எழுதினேன்.
காரணம் என்பதற்கு
இரண்டு அங்குலம் கோடு விட்டிருந்தோம்.
'இன்னும் தெரியவில்லை.'
சரியாக அடங்கியது.

பன்னிரண்டு இருபதுக்கு அனுப்பினேன்,
பத்திரிகைக்கு, பஞ்சாயத்துக்கு, கிழங்கு விவசாயிகளுக்கு.
இந்தியில் ஒன்று, அமானுல்லா எழுதிக் கொடுத்தது.
தும்காவில் வாத்தியார் எடுத்தார்.
கையில் மட்டும்தானா, என்று இரண்டு முறை கேட்டார்.
செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

ஒரு மணி இருக்கும்.
கேட்டில் ஒரு ஸ்கூட்டி சாய்ந்து விழுந்தது.
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
முதலாளி வீட்டம்மா
ஓடி வந்தார், ஒவ்வொரு முகமாய்ப் பார்த்து.
ஒன்பதில் ஒருவராக நினைத்திருக்கிறார்
தண்ணீர்த் தொட்டி ஓரம்
பீடி கேட்டு நின்றிருந்த மனுஷனை.

"எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

பட்டியலைப் புரட்டினேன்.
கலெக்டர் ஆபீஸ் இருந்தது, மின்வாரியம் இருந்தது,
பதினோரு ஊர் இருந்தது.

நம்பர் சொல்லுங்கம்மா, என்றேன்.
சொல்லச் சொல்ல எழுதினேன்,
நான்காம் பக்கத்தின் ஓரத்தில்,
ஈரக் கையோடு.
கடைசி இரண்டு எண்
கொஞ்சம் கலைந்துதான் இருக்கிறது.